யூட்டா ஜாஸ்: 5-வது பிக்கை எடுப்பதா, மேலே ஏறுவதா, மார்க்கனெனை விற்பதா?

பெஞ்ச்_சூடு | மே 13, 2025

17 வெற்றி, 65 தோல்வி. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடும் ஜாஸ் அணியின் வரலாற்றில் இதைவிட மோசமான சீசன் கிடையாது. இவ்வளவு தோற்றதற்குக் கிடைத்த கூலி ஐந்தாவது பிக், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் ஐந்தாவதாக எடுக்கும் உரிமை. அந்த வரிசையைக் குலுக்கிப் போடும் லாட்டரியில் முதலிடம் டல்லாஸுக்குப் போய்விட்டது. அவர்களுக்கு இருந்த வாய்ப்பு வெறும் 1.8 சதவீதம். பிப்ரவரியில் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஊர் வசவையெல்லாம் வாங்கிக்கொண்ட அணிக்கு இப்போது இந்த டிராஃப்டின் பெரிய நட்சத்திரம் கூப்பர் ஃப்ளாக். அந்த டிரேடில் (ஆள் பரிமாற்றத்தில்) மூன்றாவது அணியாக உட்கார்ந்து காரியத்தை முடித்துக் கொடுத்தது ஜாஸ்தான் என்று யாரும் நினைவுபடுத்த வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

புலம்ப வேண்டியவர்கள் லாட்டரி இழையில் புலம்புங்கள். இங்கே பேச வேண்டியது இனி என்ன செய்வது என்பதை. ஜூன் 25 டிராஃப்டுக்குக் கையில் இருப்பவை 5, 21, இரண்டாம் சுற்றில் 43, 53. இந்த மாதம் 28 வயதாகும் லவ்ரி மார்க்கனென் இருக்கிறார், அடுத்த சீசனில் மட்டும் அவருக்கு 4.6 கோடி டாலருக்கு மேல் சம்பளம். வாக்கர் கெஸ்லர் இருக்கிறார். கியான்டே ஜார்ஜ், ஐசையா காலியர், கைல் ஃபிலிபோவ்ஸ்கி, பிரைஸ் சென்சபா, காலை உடைத்துக்கொண்டு கிட்டத்தட்ட சீசன் முழுக்க வெளியே இருந்த டெய்லர் ஹெண்ட்ரிக்ஸ் என்று ஒரு இளவட்டம். செக்ஸ்டன், கிளார்க்ஸன், ஜான் காலின்ஸ் என்று ஒரு மூத்த வட்டம்.

நீங்கள் மேனேஜர் நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்? "டேங்கிங் (நல்ல பிக்குக்காக வேண்டுமென்றே தோற்பது) பாவம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.


கேப்_கணக்குப்பிள்ளை | மே 13

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். இதைத் துரதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2019-ல் விதியை மாற்றிய பிறகு கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான். குலுக்கல் நான்கு இடங்களுக்கு. கடைசி அணி ஐந்தாவது இடத்துக்குச் சறுக்கும் வாய்ப்பு 47.9 சதவீதம். அதாவது ஜாஸுக்கு மற்ற எந்த இடத்தையும்விட 5-தான் அதிகம் சாத்தியமாக இருந்தது. 2023-ல் டெட்ராய்ட் இதே 17-65, கிடைத்தது ஐந்து. 2024-ல் டெட்ராய்ட் 14-68, மறுபடியும் ஐந்து. இப்போது நாம்.

இந்த விதியின் கீழ் கடைசி இடத்துக்கு ஓடுவதில் பெரிய லாபம் இல்லை. கடைசி மூன்றில் ஒன்றாக இருந்தாலே முதல் பிக்குக்கு அதே வாய்ப்புதான். ஜாஸ் நிர்வாகத்துக்கும் இது தெரியும். அவர்களை ஓட வைத்தது வேறு ஒரு கணக்கு. 2021-ல் டெரிக் ஃபேவர்ஸின் சம்பளத்தைத் தலையிலிருந்து இறக்க ஓக்லஹோமாவுக்கு ஒரு முதல் சுற்று பிக்கைக் கொடுத்தார்களே, அது இன்னும் கைமாறவில்லை. இந்த ஆண்டு முதல் பத்துக்குள் இருந்ததால் தப்பித்தோம். 2026-ல் முதல் எட்டுக்குள் இருந்தால்தான் நமக்கு, ஒன்பதோ அதற்குக் கீழோ போனால் ஓக்லஹோமாவுக்கு. எட்டுக்குள் இருந்துவிட்டால் கடன் அத்தோடு ரத்து.


ராப்டர்_ஸ்கார்பரோ | மே 13

உங்களுக்கு 5, எங்கள் டொராண்டோவுக்கு 9, ஆறுதல் சொல்ல வந்தேன். டெட்ராய்ட்டைச் சொன்னீர்கள், கதையை முழுசாகச் சொல்லுங்கள். 14-68-க்கு அடுத்த ஆண்டே 44-38, பிளேஆஃப், நிக்ஸுடன் ஆறு ஆட்டம். அதற்குக் காரணம் அந்த ஐந்தாவது பிக் ரான் ஹாலண்ட் இல்லையே. கேட் கன்னிங்ஹாம் முதிர்ந்தார். டோபியாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே, மலிக் பீஸ்லி என்று ஷாட் போடத் தெரிந்த மூத்தவர்களைச் சுற்றிலும் வைத்தார்கள். பயிற்சியாளரையும் மாற்றினார்கள். பீஸ்லி உங்களிடம் இருந்தவர்தான், கோபேர் டிரேடில் வந்தவர்.


பழைய_ஜாஸ் | மே 14

நான் சொல்வது கொஞ்சம் பழங்கதையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அணியில் பெரிய ஆட்டக்காரர்கள் எந்த எண்ணில் வந்தார்கள் என்று பாருங்கள். ஸ்டாக்டன் 1984-ல் 16. கார்ல் மலோன் 1985-ல் 13. ரூடி கோபேர் 2013-ல் 27, அதுவும் டென்வருக்கு ஒரு இரண்டாம் சுற்று ஆளையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்து வாங்கியது. டோனவன் மிட்செல் 2017-ல் 13, ட்ரே லைல்ஸையும் 24-வது பிக்கையும் அதே டென்வருக்குக் கொடுத்து வாங்கியது. டென்வர்க்காரர்களுக்கு யூட்டாவில் சிலை வைக்க வேண்டும்.

இனி உயர்ந்த எண்களைப் பாருங்கள். 1982-ல் மூன்றாவதாக டொமினிக் வில்கின்ஸை எடுத்துப் பணமுடையில் அட்லாண்டாவுக்குத் தள்ளிவிட்டார்கள். 2011-ல் மூன்றாவதாக எனெஸ் கான்டர். 2014-ல் இதே ஐந்தில் டான்டே எக்ஸம், பாவம், காயங்கள் விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே நியூ ஆர்லியன்ஸ் காலத்துக் கூத்து ஒன்று உண்டு. 1976-ல் கெய்ல் குட்ரிச்சைச் சேர்த்ததற்கு ஈடாக லேக்கர்ஸுக்குக் கொடுத்த பிக்குகளில் ஒன்று 1979-ல் முதலாவதாக வந்தது. மேஜிக் ஜான்சன்.

ஆகவே 5-ஐப் பிடித்துக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை. 21-வது பிக்கில் யாரை எடுக்கப் போகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.


மேலே_ஏறு | மே 14

பழைய ஜாஸ் அண்ணே, டெரன் வில்லியம்ஸை மறந்துவிட்டீர்கள். 2005-ல் கையில் இருந்தது 6. அதோடு 27, அடுத்த ஆண்டு முதல் சுற்று பிக் ஒன்று, எல்லாவற்றையும் போர்ட்லண்டுக்குக் கொடுத்து மூன்றாவதுக்கு ஏறினார்கள். இரண்டு ஆண்டில் மேற்குப் பிரிவு இறுதிப் போட்டி.

இப்போது நிலைமை அச்சு அசல் அதேதான். கையில் 5, 21. மூன்றாவது பிக் ஃபிலடெல்ஃபியாவிடம். எம்பீடையும் பால் ஜார்ஜையும் வைத்துக்கொண்டிருக்கும் அணிக்கு 19 வயதுப் பையன் வளரும்வரை காத்திருக்கப் பொறுமை உண்டா? 5, 21, அதோடு 2027-ல் வரும் ஒரு பிக். எனக்குச் சம்மதம்.


கேப்_கணக்குப்பிள்ளை | மே 14

மூன்றுக்கு ஏறி யாரை எடுப்பீர்கள், அதைச் சொல்லுங்கள். 2005-ல் டெரன் வில்லியம்ஸ், கிறிஸ் பால் இருவரும் மூன்றிலும் நான்கிலும் இருந்தார்கள், ஏற ஒரு காரணம் இருந்தது. இந்த ஆண்டு ஃப்ளாக் முதலில் போவார், டிலன் ஹார்ப்பர் இரண்டில் சான் அன்டோனியோவுக்கு. அதற்குப் பிறகு மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில் என் கண்ணுக்குப் பெரிய பள்ளம் எதுவும் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் ஏறுபவர் ஏமாளி, இறங்குபவர் வியாபாரி.

இறங்கும் வியாபாரத்தில் டேனி எய்ஞ்ஜை மிஞ்ச ஆள் கிடையாது. 2017-ல் பாஸ்டனிடம் முதல் பிக். அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து மூன்றாவதையும் இன்னொரு முதல் சுற்று பிக்கையும் வாங்கினார். அவர்கள் ஃபுல்ட்ஸை எடுத்தார்கள், இவர் டேட்டமை. எடுக்க நினைத்த ஆளைக் கூலியும் வாங்கிக்கொண்டு எடுத்தார். அந்த மனிதர்தான் இப்போது யூட்டாவில் உட்கார்ந்திருக்கிறார்.


மார்ச்_பைத்தியம் | மே 15

இதுவரை ஆட்டக்காரர்களைப் பற்றி யாருமே பேசவில்லை. கல்லூரி ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஏஸ் பெய்லி, ரட்கர்ஸ். 17.6 புள்ளி, 7.2 ரீபவுண்ட். அவரும் ஹார்ப்பரும் ஒரே அணியில் இருந்தும் அந்த அணி 15-17-ல் முடிந்தது. கஷ்டமான ஷாட்களை விழ வைப்பார். பிரச்சினை என்னவென்றால், எளிதான ஷாட் பக்கத்தில் இருக்கும்போதும் கஷ்டமானதையே தேடிப் போவார். கல்லூரி 6 அடி 10 என்று எழுதிவைத்திருந்தது, டிராஃப்டுக்கு முந்தைய சிகாகோ அளவீட்டில் ஷூ இல்லாமல் 6 அடி ஏழரை. அதை வைத்து வலையெங்கும் கிண்டல். என்னைக் கேட்டால் ஏழரையே போதும், அந்த உயரத்தில் அவரைப் போல எம்பி ஷாட் போடுகிறவர்கள் லீகிலேயே குறைவு.

ட்ரே ஜான்சன், டெக்ஸஸ். 19.9 புள்ளி, எஸ்இசி பிரிவில் அதிகம் அடித்தவர், மூன்று புள்ளியில் கிட்டத்தட்ட 40 சதவீதம். தற்காப்பு சுமார். கான் நூப்பெல், டியூக். மூன்று புள்ளியில் 40-க்கு மேல், பாஸ் கொடுக்கத் தெரியும், எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். ஃப்ளாக் பக்கத்தில் இருந்ததால் நன்றாகத் தெரிந்தார் என்பவர்கள், ஃப்ளாக் காயத்தில் வெளியே போன ஏசிசி தொடரில் டியூக் எப்படிக் கோப்பை வென்றது என்று போய்ப் பாருங்கள்.

ஜெரமையா ஃபியர்ஸ் வேகம்தான், ஆனால் கியான்டே, காலியர் இருவரும் இருக்கும்போது மூன்றாவது கார்டு (பந்தை நடத்தும் ஆள்) எதற்கு? காலியர் முதல் ஆண்டிலேயே ஸ்டாக்டனின் ரூக்கி (முதலாண்டு ஆட்டக்காரர்) அசிஸ்ட் சாதனையை முறியடித்தார். மூன்று புள்ளி மட்டும் நாலுக்கு ஒன்றுதான் விழுகிறது. பஹாமாஸ்காரர் விஜே எட்ஜ்கம் எனக்குப் பிடித்தவர், ஐந்துவரை வர மாட்டார்.

என் வரிசை: எட்ஜ்கம், பெய்லி, நூப்பெல், ஜான்சன்.


பெஞ்ச்_சூடு | மே 15

பெய்லி விஷயத்தில் ஒத்துப்போகிறேன். இந்த அணியில் பந்து கையில் இருக்கும்போது எதிரணி இருவரை அனுப்பித் தடுக்க வேண்டிய ஆள் ஒருவர்கூட இல்லை. நூப்பெல் ஒரு நல்ல அணியில் மூன்றாவது ஆளாக ஜொலிப்பார். நமக்கு முதல் ஆளே இல்லை. பெய்லி அப்படி ஆகாமலே போகலாம், ஆனால் ஐந்தாவது இடத்தில் அந்தச் சாத்தியமாவது கொண்டவர் அவர்தான்.


ராப்டர்_ஸ்கார்பரோ | மே 15

"சாத்தியம்" என்று சொல்லித்தான் கோடி வில்லியம்ஸைப் பத்தில் எடுத்தீர்கள் 😀


பழைய_ஜாஸ் | மே 15

சரி சரி. அண்ணன் ஜேலன் வில்லியம்ஸ் ஓக்லஹோமாவில் இருக்கிறார். நாங்கள் எடுத்தது தம்பியை. குடும்பம் சரியாகத்தான் இருந்தது.


கேப்_கணக்குப்பிள்ளை | ஜூன் 3

இழை தூங்கிவிட்டது, எழுப்புகிறேன். டேனியின் மகன் ஆஸ்டின் எய்ஞ்ஜ் பாஸ்டனிலிருந்து வந்து தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். முதல் பேட்டியிலேயே, நிமிடங்களைக் குறைத்து ஆட்டத்தைத் தோற்கும் வேலை வரும் சீசனில் இருக்காது என்கிற பொருளில் பதில் சொல்லியிருக்கிறார். மார்ச்சில் மார்க்கனெனை உட்கார வைத்ததற்காக லீக் 1,00,000 டாலர் அபராதம் போட்டதே, அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

ஆனால் நான் முன்பு எழுதிய 2026 பிக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். குலுக்கல் நான்கு இடங்களுக்குத்தான் என்பதால், கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக முடித்தால் எவ்வளவு சறுக்கினாலும் எட்டுக்குள் இருப்போம். ஐந்தாவது, ஆறாவது மோசமான அணி என்றால் அந்த உத்தரவாதம் போயிற்று. 2026 டிராஃப்டில் டேரின் பீட்டர்சன், கேமரன் பூஸர், ஏஜே டிபான்ட்சா மூவரும் வருகிறார்கள். டிபான்ட்சா உயர்நிலைப் பள்ளியை முடித்தது யூட்டாவில், அடுத்து ஆடப்போவது ப்ரோவோவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு. ஜாஸ் உரிமையாளர் ரயன் ஸ்மித்தும் அந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

தோற்க மாட்டோம் என்கிறார்கள், தோற்காவிட்டால் பிக் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு நேர்மையான வழிதான் உண்டு. வேண்டுமென்றே தோற்காமல், உண்மையிலேயே பலவீனமான அணியாக இருப்பது. அதாவது மூத்தவர்களை விற்பது. மார்க்கனென் 70 ஆட்டம் ஆடினால் இது கடைசி நான்கு அணிகளில் ஒன்று இல்லை. அதனால் 5-வது பிக்கைவிட மார்க்கனென் கேள்விதான் பெரிது.


மேலே_ஏறு | ஜூன் 3

அவரை விற்றுவிட்டால் இந்தப் பையன்களுக்குப் பந்தை எங்கே அனுப்புவது என்று யார் சொல்லிக் கொடுப்பது? எல்லாரும் 20, 21 வயது. தோற்பது பழகிவிடும். தோற்றுத் தோற்று பிக் சேர்த்த ஃபிலடெல்ஃபியாவின் "ப்ராசஸ்" நினைவிருக்கிறதல்லவா, ஒரு சீசனில் 10-72 வரை போனார்கள். எம்பீட் கிடைத்தார், சரி. ஓகஃபோர், நோயல், ஃபுல்ட்ஸ் எல்லாம் எங்கே போனார்கள்? இந்த ஆண்டுவரை அந்த அணி கிழக்குப் பிரிவு இறுதிப் போட்டியைக்கூட எட்டவில்லை.


கேப்_கணக்குப்பிள்ளை | ஜூன் 16

நேற்று மெம்ஃபிஸ் டெஸ்மண்ட் பேனை ஒர்லாண்டோவுக்குக் கொடுத்தது. வாங்கியது: நான்கு முதல் சுற்று பிக்குகள், ஒரு ஸ்வாப் (பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை), கூடவே கால்ட்வெல்-போப், கோல் அந்தோணி. ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடப் போகாதவருக்கு! போன ஆண்டு மிக்கல் பிரிட்ஜஸுக்கு நிக்ஸ் ஐந்து கொடுத்தது. சந்தை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2023-ல் ஆல்ஸ்டார், அந்த சீசனில் 25.6 புள்ளி அடித்த 7 அடிக்காரருக்கு எவ்வளவு கிடைக்கும்?


பழைய_ஜாஸ் | ஜூன் 16

அவ்வளவு கிடைக்காது என்று நினைக்கிறேன். 2023-ஐச் சொன்னீர்கள், போன சீசனைச் சொல்லவில்லை. 47 ஆட்டம், 19 புள்ளி, மூன்று புள்ளியில் 35 சதவீதத்துக்கும் கீழே. விற்க வேண்டிய நேரம் 2024 கோடை. கோல்டன் ஸ்டேட் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஜாஸ் அதற்குப் பதிலாக ஒப்பந்தத்தை நீட்டித்தது, ஐந்து ஆண்டு, 23.8 கோடி டாலர். ஆகஸ்ட் 7 அன்று கையெழுத்து. ஒரு நாள் முன்னால் போட்டிருந்தால் பிப்ரவரி டிரேட் கெடுவுக்குள் அவரை விற்க விதி இடம் கொடுத்திருக்கும். வேண்டுமென்றே பூட்டிவைத்தார்கள்.

பேனுக்கு வரும் சீசனில் சுமார் 3.7 கோடி. நம்மவருக்கு 4.6 கோடி, 2029 வரை. இரண்டாம் ஏப்ரன் என்கிற சம்பளக் கோட்டைத் தாண்டிய அணி இரண்டு மூன்று சம்பளங்களைச் சேர்த்துக் கட்டி ஒருவரை வாங்கவே முடியாது. அதைத் தாண்டாத அணிகளுக்கும் பயம். ஆகவே 4.6 கோடியை ஒரே மூச்சில் விழுங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? சான் அன்டோனியோ, டெட்ராய்ட், இன்னும் ஒன்றிரண்டு.


மார்ச்_பைத்தியம் | ஜூன் 16

சான் அன்டோனியோ என்றதும் ஒரு யோசனை. அவர்களிடம் 2-ம் 14-ம் இருக்கின்றன. இரண்டைத் தர மாட்டார்கள். மார்க்கனெனுக்கு 14, பின்னால் வரும் இரண்டு முதல் சுற்று பிக்குகள், சம்பளத்தைச் சமன் செய்ய வசெல், இன்னும் ஓரிருவர். அவர்களின் நட்சத்திரம் வெம்பன்யாமா பக்கத்தில் மார்க்கனென் நின்றால் எதிரணிக்கு யாரைத் தடுப்பது என்றே தெரியாது. நமக்கு 5, 14, 21.


கேப்_கணக்குப்பிள்ளை | ஜூன் 16

இதில் நான் எதிர்க்கட்சி. பின்னால் வரும் பிக் என்றால் வெம்பன்யாமா உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளின் பிக், 28, 29 என்று வரும். பிக்கை எண்ணி வாங்கக் கூடாது, யாருடையது, எந்த ஆண்டுடையது என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஜனவரியில் ஜாஸ் செய்த வேலை அதுதான், யாரும் அதிகம் பேசவில்லை. மூன்று முதல் சுற்று பிக்குகளை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து 2031-ன் ஒரே ஒரு பிக்கை வாங்கியது, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், அதாவது எந்த இடத்தில் வந்தாலும் நமக்கே. கொடுத்த மூன்றும் 2025, 2027, 2029-ல் கையில் இருப்பவற்றில் மட்டமானது எதுவோ அது. ஏலச்சீட்டில் அவசரக்காரர் தள்ளி எடுப்பார், பொறுமைசாலி கடைசிவரை உட்கார்ந்து முழுத்தொகையை வாங்குவார், அந்தக் கணக்கு. 2031-ல் ஃபீனிக்ஸ் நட்சத்திரம் புக்கருக்கு 34 வயது. மார்க்கனெனுக்கும் இப்படிப்பட்ட ஒன்றைக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் பிப்ரவரிவரை வைத்திருக்கலாம், அவர் நன்றாக ஆடினால் விலை ஏறும்.


பெஞ்ச்_சூடு | ஜூன் 16

நன்றாக ஆடினால் வெற்றியும் ஏறுமே அண்ணே. 2026 பிக்?


கேப்_கணக்குப்பிள்ளை | ஜூன் 16

அதுதான் சிக்கல் என்று ஜூன் 3-லிருந்து கத்துகிறேன்.


ராப்டர்_ஸ்கார்பரோ | ஜூன் 19

பெய்லி ஃபிலடெல்ஃபியா பயணத்தை ரத்து செய்துவிட்டாராம். இதுவரை எந்த அணிக்காகவும் தனிப் பயிற்சியில் ஆடிக் காட்டவில்லை. வேறு எங்கோ போகத் திட்டம் என்று பேச்சு.


மார்ச்_பைத்தியம் | ஜூன் 19

ஃபிலடெல்ஃபியா மூன்றில் எட்ஜ்கமை எடுத்தால், சார்லட் நான்கில் நூப்பெலையோ ஜான்சனையோ எடுத்தால், பெய்லி நம் மடியில் வந்து விழுவார். யூட்டாவுக்கு வர விருப்பமில்லை என்றால்? ரூக்கி ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டு உறுதி, அடுத்த இரண்டு ஆண்டு முடிவு அணியின் கையில். அதன் பிறகும் வேறு அணி கேட்டால் சமமாகக் கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை நமக்கு. 18 வயதில் வரமாட்டேன் என்பவர் 22 வயதில் என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும்? கோபி பிரையன்ட் சார்லட்டுக்கு ஆட மாட்டேன் என்று லேக்கர்ஸுக்குப் போனது 1996. அந்தக் காலத்து ஏஜென்ட் மிரட்டலுக்கு 2025-ல் பயப்படக் கூடாது.


மேலே_ஏறு | ஜூன் 23

ஓக்லஹோமா சாம்பியன். 68 வெற்றி, அதற்கு மேல் கோப்பை. எல்லாரும் இப்போது "அவர்களைப் போலச் செய்வோம்" என்பார்கள். ஷேய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் எப்படி வந்தார்? 2019-ல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தபோது. கூடவே ஐந்து முதல் சுற்று பிக்குகள், அதில் ஒன்று 2022-ல் 12-வதாக வந்து ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. தோற்றுச் சம்பாதித்த பெரிய ஆள் என்றால் இரண்டாவது பிக் செட் ஹோம்கிரென் ஒருவர். எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஷேய் வந்தது டிரேடில்.


பழைய_ஜாஸ் | ஜூன் 23

அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. 2021-ல் ஆறாவதாக எடுத்த ஜாஷ் கிடியை, பிளேஆஃபில் ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை வாங்கினார்கள். ஒரு பிக்கும் கூடத் தரவில்லையே என்று சிகாகோ ரசிகர்கள் கொதித்தார்கள். நாம் எடுத்த ஆள் என்ற பாசம் அங்கே கிடையாது. நம்மிடம் கியான்டே, காலியர், கோடி, சென்சபா என்று நால்வரையும் "நம்ம பையன்" என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். 21-ஐயும் இவர்களில் ஒருவரையும் சேர்த்து 15 பக்கம் ஏற முடியுமா என்று பார்க்கலாம்.

ஃபீனிக்ஸின் கெவின் டுராண்டும் நேற்று ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். ஃபீனிக்ஸுக்குக் கிடைத்தது ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், 10-வது பிக், சில இரண்டாம் சுற்று பிக்குகள். பேனுக்கு நான்கு, டுராண்டுக்கு ஒன்று. 36 வயதின் விலை அது. மார்க்கனென் விஷயத்தில் இரண்டு ஆண்டு தள்ளிப்போடலாம் என்பவர்கள் கவனிக்கவும்.


பெஞ்ச்_சூடு | ஜூன் 25

டிராஃப்ட் நம் நேரப்படி நாளை காலை 5.30-க்கு. அதற்குள் அவரவர் முடிவைப் பதிந்துவிடுங்கள்.

என்னுடையது: 5-ல் நிற்கலாம், ஏற வேண்டாம். பெய்லி இருந்தால் பெய்லி. 21-ஐ வைத்துக் கொஞ்சம் மேலே போய், கல்லூரியில் மூன்று நான்கு ஆண்டு ஆடிய ஒரு கார்டை எடுக்கலாம், உடனே பந்தை நம்பிக் கொடுக்க ஒருவர் வேண்டும். செக்ஸ்டன், கிளார்க்ஸன், காலின்ஸ் மூவரையும் இந்தக் கோடையிலேயே அனுப்பிவிட வேண்டும், கைக்கு என்ன வந்தாலும் சரி. அவர்கள் போனாலே பத்து வெற்றி குறையும், யாரையும் வேண்டுமென்று உட்கார வைக்க வேண்டியதில்லை. கெஸ்லரை விற்கக் கூடாது. மார்க்கனெனுக்குப் பாதுகாப்பில்லாத மூன்று பிக்குகள் வந்தால் இன்றே, இல்லையென்றால் பிப்ரவரி.


கேப்_கணக்குப்பிள்ளை | ஜூன் 25

இரண்டு வந்தாலும் இன்றே கொடுப்பேன். மற்றதெல்லாம் சம்மதம்.


பழைய_ஜாஸ் | ஜூன் 25

5-ல் நூப்பெல். முதல் ஆளை 2026-ல் தேடிக்கொள்ளலாம்.


மார்ச்_பைத்தியம் | ஜூன் 25

நூப்பெல் நான்கிலேயே போய்விடுவார் அண்ணே. பெய்லியை வரவேற்கத் தயாராக இருங்கள்.